டிவி ஏன் ஓடியது?

ஒரகடம் சிப்காட்டில் கார் இருக்கைக்கு உள்ளே போகிற இரும்புச் சட்டம் செய்யும் அந்தக் கம்பெனியில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. படிவம் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. நடந்துவிட்டாலும் நடந்ததாகக் கணக்கில்லை. இதை டில்லிபாபுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு வருடமாக வெல்டிங் லைனில் கான்ட்ராக்ட் ஆளாக நிற்கிறான். அவன் பற்றவைத்த சட்டங்களின்மேல் உட்கார்ந்து ஊர்பட்ட ஜனம் போய்வருகிறது. அவன் மட்டும் இன்னும் நின்றபடியே இருந்தான்.

இந்தத் தடவை பர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. வெள்ளிக்கிழமை அறிவிப்பு. வாலாஜாபாத்தில் அவன் மனைவி சுபஸ்ரீ தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாயிற்று. மீதிப் பாதிக்கு அந்தப் பாதி சொல்லிவிட்டது. இனிமேல் ஆகவில்லை என்றால் தெருவழியே வீட்டுக்குப் போக முடியாது, கால்வாய் வழியாகத்தான் போகவேண்டும்.

புதன்கிழமை காலை எட்டே காலுக்குத் தர மேலாளர் ஸ்ரீதர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் நெகிழி உறை பிரிக்காத ஒரு ரிமோட் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கொக்கியில் தொங்கவிட்டு விற்பார்களே, எல்லா டிவிக்கும் பொருந்தும் என்று, அந்த ரகம்.

"டில்லி, இத பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"ரிமோட் சார்."

"இல்ல. இது ஒரு வாய்ப்பு" என்றார் ஸ்ரீதர்.

விஷயம் இதுதான். மறுநாள் பத்து மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அவர்களுக்குக் கேன்டீன் டிவியில் வரவேற்புப் படம் போடவேண்டும். டிவியின் பழைய ரிமோட் செத்துப்போயிருந்தது. அதை யாரும் கீழே போடவில்லை, யாரும் தொலைக்கவில்லை. 'அதனதன் பொருள் அதனதன் இடத்தில்' என்ற கொள்கைப்படி அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே வைத்து, பூட்டி, சாவியை ஸ்டோரில் ஒப்படைத்திருந்தார்கள். இரண்டு வருடம் அதை யாரும் தொடவில்லை. உள்ளே பேட்டரி கசிந்து, ரிமோட் பச்சை பூத்துவிட்டது. அந்த இரண்டு வருடமும் மாதாமாதம் தணிக்கை செய்து 'ரிமோட் இடத்தில் உள்ளது' என்று டிக் போட்டிருக்கிறார்கள்.

"என்ன கம்பெனி டிவி சார்?" என்று கேட்டான் டில்லிபாபு. அது தெரிந்தால் உறைக்குள் இருக்கும் சீட்டைப் பார்த்து அந்தக் கம்பெனிக்கான எண்ணைப் போட்டுவிடலாம்.

"அது யாருக்கும் தெரியாது" என்றார் ஸ்ரீதர், கொஞ்சம் பெருமையாகவே. "நம்ம வளாகத்துல வேற கம்பெனி பேரு தெரியக்கூடாதுன்னு அதுமேல நம்ம லோகோவ ஒட்டியாச்சு. பின்பக்கமும் ஒட்டியாச்சு. பில்லுலயும் ஒட்டிட்டாங்க."

ரிமோட்டோடு வந்த சீட்டில் மூன்று இலக்கக் குறியீடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்றுக்கு டிவி அசையும். வீட்டில் என்றால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இங்கே முதலில் ஒர்க் பர்மிட் வாங்கவேண்டும்.

பாதுகாப்பு அதிகாரி ஜெபகுமார் பர்மிட் புத்தகத்தைத் திறந்தார். உயர வேலை, நெருப்பு வேலை, குழி வேலை, மின் வேலை என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ரிமோட் வேலை என்று ஒரு கட்டம் இல்லை.

"டிவி எதுல ஓடுது?"

"கரண்ட்ல சார்."

"அப்ப மின் வேலை." டிக். "டிவி எவ்ளோ உயரத்துல இருக்கு?"

"ஏழடி இருக்கும்."

"ஆறடிக்கு மேல போனா உயர வேலை." இன்னொரு டிக். "ஹெல்மெட், இடுப்பு பெல்ட், கயிறு. மூணும் கட்டாயம்."

"சார், நான் தரையிலதான நிக்கப்போறேன்?"

"நீ தரையில நிப்ப. உன் சிக்னல் ஏழடிக்குப் போகுதா இல்லையா?"

டில்லிபாபு யோசித்துப் பார்த்தான். போகத்தான் போகிறது.

"சரி, மின் வேலைன்னா மொதல்ல என்ன பண்ணணும்?" தினமும் காலைக் கூட்டத்தில் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் உறுதிமொழிதான். டில்லிபாபு வாய் தானாகச் சொன்னது: "மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், பூட்ட வேண்டும், சீட்டு மாட்ட வேண்டும்." சொல்லி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. "சார்... ஆனா டிவி ஆன்ல இருந்தாத்தான ரிமோட் வேலை செய்யுதா இல்லையான்னு..."

அதற்குமேல் போகவில்லை. ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டில்லிபாபு, இந்த பிளான்ட்ல நானூத்திப் பதினோரு நாளா ஒரு விபத்து கெடையாது. எப்படி?"

"தெரியல சார்."

"எல்லாம் பர்மிட்டோட நடக்குது. போன மாசம் பிரஸ் மிஷின்ல ஒருத்தனுக்கு ரெண்டு விரல் போச்சே, அது விபத்தா? கெடையாது. அவன்கிட்ட பர்மிட் இருந்துச்சு. பர்மிட் இருந்தா அதுக்குப் பேரு சம்பவம். பர்மிட் இல்லாம கொசு கடிச்சாலும் அது விபத்து." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "கன்ஃபர்மேஷன் லிஸ்ட்ல பேரு இருக்கறவன் சேஃப்டிய கேள்வி கேக்கறது எனக்குப் புடிக்கல. நான் கேக்காத மாதிரி விட்டுடறேன்."

டில்லிபாபுவும் சொல்லாத மாதிரி விட்டுவிட்டான்.

ஜெபகுமாரே கேன்டீனுக்கு வந்து டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினார். பூட்டு மட்டும் போடவில்லை. கம்பெனியின் பதினெட்டுப் பூட்டுகளும் விருந்தினர் பார்வைக்காகப் பலகையில் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தால் வரிசை கெடும். ஆகவே 'ஆபத்து, இணைக்காதே' என்ற சிவப்புச் சீட்டை மட்டும் மாட்டிவிட்டுப் போனார். ப்ளக் இருந்தது தரக் கொள்கைப் பலகைக்குப் பின்னால். அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. முன்னால் என்ன இருக்கிறதென்றும் யாரும் படித்ததில்லை.

பதினொரு மணிக்கு வேலை தொடங்கியது. தலையில் மஞ்சள் ஹெல்மெட். இடுப்பில் பெல்ட். அதிலிருந்து போன கயிறு தண்ணீர் ஃபில்டரின் குழாயில் கட்டியிருந்தது. கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சுப் பேச்சில்லாத டிவிக்கு முன்னால் நின்றான் டில்லிபாபு. பக்கத்தில் படிவத்தோடு இன்ஸ்பெக்டர் எழிலரசன். செய்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, நேரம், முடிவு. முதல் குறியீட்டைப் போட்டு அழுத்தினான். டிவி கறுப்பாகவே இருந்தது.

"என்ஜி" என்று எழுதினான் எழிலரசன். தேறவில்லை என்பதற்கு அங்கே அதுதான் சொல். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினைந்தாவது குறியீட்டில் எழிலரசன் குரலைத் தாழ்த்தினான். "மச்சி, சின்னதா சிவப்பு லைட்டு ஒண்ணு எரியுமே டிவி கீழ. அது எரியல பாரு."

"ஆமா."

"அப்ப இன்னா பண்ணிகினு கீறோம் நாம?"

டில்லிபாபு பலகையைக் கண்ணால் காட்டினான். எழிலரசன் எட்டிப் பார்த்தான், சிவப்புச் சீட்டைப் படித்தான், கீழே ஜெபகுமாரின் கையெழுத்தையும் படித்தான். சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு வந்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலப்பா. டிவியப் பாக்கச் சொன்னாங்க, டிவியத்தான் பாத்தேன். பதினாறாவது நம்பரப் போடு."

சாப்பாட்டு நேரம் வந்தது. முதல் ஷிப்ட் முழுக்கத் தட்டோடு வரிசையில் நின்றது. இருநூறு பேர் சோறு வாங்கும் நேரத்தில், கயிற்றில் கட்டிய மாடு மாதிரி ஒருவன் நின்று, செத்த டிவியைப் பார்த்து ரிமோட்டை நீட்டி நீட்டி அழுத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

"இன்னாடா டில்லி, டிவிக்கு வேப்பிலை அடிக்கிறியா?"

"ஏய், கயிற இறுக்கிக் கட்டுங்கப்பா! சிக்னலோட சேந்து பறந்துடப் போறான்!"

"படம் எப்பப்பா போடுவ? இடைவேளைக்கு முறுக்கு வாங்கியாறட்டா?"

டில்லிபாபு திரும்பவில்லை. காது மட்டும் சூடாகிக்கொண்டே போனது. ஹெல்மெட் காதை மறைக்கவில்லை. அந்த வகையில் அது பாதுகாப்புக் குறைவான ஹெல்மெட்தான். சிரிக்கிறார்களே என்பதுகூட அவனுக்குப் பெரிதாக இல்லை. அவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே அழுத்தினான். ஒவ்வொரு தடவையும் 'முயன்றேன்' என்று கையெழுத்துப் போட்டான்.

மூன்று மணிக்குக் கேன்டீன் ஓய்ந்தது. சாம்பார் பரிமாறுகிற லீலா ஒரு கிளாஸ் டீயோடு வந்தாள். கேன்டீன் கான்ட்ராக்டரின் ஆள். பென்னலூரிலிருந்து ஏழு வருடமாக வருகிறவள். டில்லிபாபு வேலைக்குச் சேர்ந்த புதிதில் டோக்கன் தொலைத்துவிட்டு நின்றபோது, 'தட்ட நீட்டு' என்று ஒரே வார்த்தையில் சோறு போட்டவள்.

"குடிச்சிட்டு அமுக்கு தம்பி. காலைலேந்து நின்னுகினே கீற. எத்தினியாவது நம்பரு?"

"எரநூத்தி நாலுக்கா."

"அய்ய, நம்பரு எதுக்கு? எங்க வூட்லயும் இதே ரிமோட்டுதான், நாந்தான் செட் பண்ணேன். ரெண்டு பட்டன சேத்துப் புடிச்சிகினு இருந்தா அதுவே தேடிக்கும். டிவி முழிச்சிகினதும் விட்டுரணும். குடு, ஒரு தரம் பாக்கறேன்."

அவள் கையை நீட்டினாள். கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில், 'இன்னாப்பா, லைட்டே எரியல' என்று பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருப்பாள். டில்லிபாபு ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"வேணாக்கா. பர்மிட்ல உன் பேரு இல்ல. நீ தொடக்கூடாது."

லீலா நீட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரிப்பா. ஒனக்கு எதுனா ஆயிடப்போவுது" என்று சொல்லிவிட்டுக் காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து இருபதுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டாவது குறியீடும் முடிந்தது. ஸ்ரீதர் வந்து படிவங்களைப் புரட்டினார். மடிக்கணினியில் ஏற்றி ஒரு வரைபடம் போட்டார். கோடு பூஜ்யத்தில் தொடங்கி, பூஜ்யத்திலேயே போய், பூஜ்யத்தில் முடிந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"டில்லி, முந்நூத்திப் பன்னெண்டு ரீடிங், ஒரு ஏத்தம் இறக்கம் இல்ல! என் இருபது வருஷ சர்வீஸ்ல இவ்ளோ நிலையான ப்ராசஸ நான் பாத்ததே இல்ல. வெல்டிங் லைன்ல இது வந்தா நாம எங்கயோ போயிடுவோம்."

"சார், டிவி ஓடலையே?"

"ஓடலன்னு நம்மகிட்ட ஆதாரம் இருக்கு இல்ல? அதான் முக்கியம்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு விருந்தினர் மூவரும் கேன்டீனுக்கு வந்தார்கள். ஆலைத் தலைவர் பெருமாள்சாமி கோவில்பட்டிக்காரர். டை கட்டினாலும் பேச்சு ஊர்ப்பேச்சுதான். ரிமோட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து, பூப் போட்டு, டில்லிபாபு ஏந்திக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க" என்றார் பெருமாள்சாமி. "நம்ம பிளான்ட்ல மனுசன் மட்டுமில்ல, மிஷினுக்கும் ஒழுக்கம் உண்டு. உத்தரவு இருந்தாத்தான் ஓடும். இல்லன்னா, தலகீழா நின்னாலும் ஓடாது."

சொல்லிவிட்டு ரிமோட்டை அழுத்தினார். டிவி ஒழுக்கமாக இருந்தது. திரும்ப அழுத்தினார். அப்போதும் ஒழுக்கம் கெடவில்லை. ஸ்ரீதர் பாய்ந்து போய் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் கொண்ட கோப்பை விருந்தினர் கையில் கொடுத்தார். அவர்கள் மரியாதையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். அதில் ஒருவர் கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் டீத் தட்டோடு வந்த லீலா, வழி அடைத்துக்கொண்டு நின்றவர்களைச் சுற்றித் தரக் கொள்கைப் பலகை ஓரமாக வந்தாள். கீழே பார்த்தாள்.

"அய்ய, ப்ளக்கே சொருவல சார்!"

யாரும் வாய் திறப்பதற்குள் தட்டைப் பக்கத்து மேஜைமேல் வைத்தாள். சிவப்புச் சீட்டைக் கொடியில் காயும் துணியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினாள். சொருகினாள். டிவியின் கீழே சின்ன விளக்கு எரிந்தது. "குடு சார்" என்று பெருமாள்சாமி கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்து, கோழி அடைகாக்கிற பொறுமையோடு ஒரு நிமிடம் நின்றாள். டிவி கண் விழித்தது. விட்டாள்.

விருந்தினர் மூவரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து அவளுக்குத் தலை வணங்கினார். எழிலரசன் பென் டிரைவைச் சொருக, படம் ஓடியது. திரையில் பெருமாள்சாமி எழுதிவைத்ததைப் படித்தார்: 'எங்கள் நிறுவனத்தில் எந்தத் தொழிலாளியும் எந்தக் கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம்.' டில்லிபாபு காலித் தாம்பாளத்தைப் பிடித்தபடி, அதில் கிடந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விருந்தினர் வண்டி கேட்டைத் தாண்டிய பத்தாவது நிமிடம் டில்லிபாபுவையும் எழிலரசனையும் கூட்ட அறைக்குக் கூப்பிட ஆள் வந்தது. ஸ்ரீதர் வெள்ளைப் பலகையில் எழுதினார்: 'சிக்கல்: டிவி ஓடியது.'

ஓடாததற்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஆதாரம் இருந்தது. அதில் சிக்கல் எதுவும் இல்லை. ஓடினதற்குத்தான் ஒரு காகிதமும் இல்லை. ஆகவே ஐந்து 'ஏன்' கேட்டு வேரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் ஓடியது? மின்சாரம் வந்ததால். ஏன் வந்தது? ப்ளக் சொருகப்பட்டதால். ஏன் சொருகப்பட்டது? லீலா சிவப்புச் சீட்டை மதிக்காததால். ஏன் மதிக்கவில்லை? பயிற்சி இல்லாததால்.

"அப்ப பயிற்சி குடுத்தாப் போதுமே?" என்றார் பெருமாள்சாமி. "நம்ம மானத்த காப்பாத்துனது அந்தப் பொம்பளதாம்யா."

"இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்கு சார்" என்றார் ஸ்ரீதர் பணிவாக. "அதுல 'மனிதத் தவறு'ன்னு அச்சடிச்சே வந்துடுது. பேரு மட்டும்தான் நாம எழுதணும்."

"கேன்டீன் ஆளு நம்ம ஆளு இல்ல" என்று ஜெபகுமார் நினைவுபடுத்தினார். "அவங்க பேரப் போட்டா நம்ம கணக்குல ஒண்ணும் ஏறாது. நானூத்திப் பன்னெண்டாவது நாளும் சுத்தமா இருக்கும்."

பெருமாள்சாமி விருந்தினர் விட்டுப்போன முந்திரிப் பருப்பை ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "அப்பம் சரி" என்றார்.

ஸ்ரீதர் டில்லிபாபு பக்கம் திரும்பினார். "டில்லி, நீதான் நேரடி சாட்சி. ஏதாவது சொல்லணும்னா தாராளமா சொல்லு. இந்த ரூம்ல எல்லாரும் சமம்."

சொல்லவேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ப்ளக்கைப் பிடுங்கினது யார், பிடுங்கியிருக்கிறது என்று யாருக்கெல்லாம் தெரியும், லீலாக்கா உதவிக்கு வந்தபோது விரட்டினது யார். மூன்றே வாக்கியம். எதிரே எழிலரசன் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். மேஜையில் ஆறு தண்ணீர் பாட்டில்கள். அத்தனையும் லேபிள் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கியிருந்தது.

"இல்ல சார்" என்றான் டில்லிபாபு.

'மேற்படி நபர் அனுமதியின்றி டிவியை இயங்கச் செய்ததை நான் நேரில் கண்டேன்' என்று தட்டச்சு செய்த தாள் வந்தது. அவன் போட்டது முந்நூற்றுப் பதின்மூன்றாவது கையெழுத்து. முந்தைய முந்நூற்றுப் பன்னிரண்டும் பொய். இதில் எழுதியிருந்தது அட்சரம் பிசகாத உண்மை. இதைப் போடத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் உறுதிமொழி முடிந்ததும் பெயர்களை வாசித்தார்கள். டில்லிபாபு பர்மனென்ட். அதோடு 'குறைபாடற்ற ஆவணப் பராமரிப்பு' என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். நேற்று முன்தினம் சிரித்த இருநூறு பேரும் கைதட்டினார்கள். சுபஸ்ரீக்குப் போன் செய்தான். அவள் அழுதாள், தெருவே கேட்கும்படி. மத்தியானம் சாம்பார் வாளிக்குப் பின்னால் வேறு ஒரு பெண் நின்றாள். அவன் சாம்பார் வாங்காமல் ரசத்தோடு எழுந்துவிட்டான்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் லீலா நின்றாள். சீருடைப் புடவையும் கேட் பாஸும் ஒப்படைக்க வந்திருக்கிறாள். அவன் வேறு பக்கம் பார்ப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"டில்லி! பர்மனென்ட்டாமே! வாட்ச்மேன் சொன்னாரு. மகராசனா இரு."

"லீலாக்கா... உனக்கு..."

"எனக்கு இன்னா? மறைமலை நகர்ல ஒரு கேன்டீன்ல ஆளு கேட்டுகினு கீறாங்களாம். ரெண்டு பஸ்சு மாறணும், அவ்ளோதான்." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும்ப்பா. கேன்டீன்ல பேசிக்கிறாளுங்க. ப்ளக்கு புடுங்கி கீறது அந்த டில்லிக்கு மொதல்லேந்தே தெரியும், தெரிஞ்சேதான் அமுக்கிகினு இருந்தான்னு. நெஜமா?"

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது முழுவதும் போய் முடிகிறவரை அவனுக்கு நேரம் இருந்தது.

"தெரியாதுக்கா" என்றான்.

"அதான!" லீலாவின் முகம் தெளிந்துவிட்டது. "நான் அவளுங்க கிட்ட சண்டையே போட்டேன். அவன் அப்டிப்பட்ட ஆளு இல்லடி, தெரிஞ்சிருந்தா எங்கிட்டயாவது சொல்லியிருப்பான்னேன்."

கம்பெனி பஸ் வந்து நின்றது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதில் இடம் கிடையாது. அவனுக்கு இன்றிலிருந்து உண்டு. "ஏறு, ஏறு, ஒனக்காக நிக்கிறான் பாரு" என்று லீலா அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

பஸ்ஸில் ஆள் குறைவு. ரோட்டோரப் பக்கம் ஜன்னல் சீட் ஒன்று காலியாக இருந்தது. கீழே லீலா நின்று கையசைக்கத் தயாராக இருந்தாள். டில்லிபாபு மற்றப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.